கண்ணாடி அலுமாரியில் எழுபத்திரண்டு போத்தல்கள்

சிட்னி மாநகரிலும் அதன் மேற்குப் புறநகர்களிலும் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும், மெல்பேர்ன், லண்டன், ரொறன்ரோ, ஒஸ்லோ ஆகிய இடங்களில் உள்ள நண்பர்களுக்கும், இதுவரை தகவல் எட்டாத ஏனைய உலகத்தாருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: ஸ்ட்ராத்ஃபீல்டைச் சேர்ந்த திருவாளர் ஆனந்தராஜா அவர்கள் கடந்த செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி பத்து நிமிடமளவில் மாதாந்த வைன் கிளப் ஒன்றில் அங்கத்தவராகச் சேர்ந்துகொண்டார்.

மேற்படி அறிவித்தலை அவரே தட்டெழுதி, எண்பத்தாறாம் ஆண்டு உயர்தர வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். நூற்றிப் பதினான்கு பேர் உள்ள குழு. அரை மணித்தியாலத்துக்குள் அறுபது கட்டைவிரல்கள் உயர்ந்தன. ரொறன்ரோவிலிருந்து இரத்தினசிங்கம், "ஆழ்ந்த அனுதாபங்கள். குடும்பத்தினருக்கு எமது ஆறுதல்" என்று எழுதினார். அந்தக் குழுவில் நாலு வரிக்கு மேல் நீளமாக எது வந்தாலும் அது மரண அறிவித்தல்தான் என்ற நீண்டகால அனுபவத்தில் அவர் வாசிக்காமலே போட்டது அது. அவரைப் பார்த்து வேறு ஏழு பேரும் அனுதாபம் தெரிவித்தார்கள். ஆனந்தராஜா எல்லாருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார்.

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு வைன் எதற்கு என்று கேட்கலாம். அவருடைய மனைவி மிருணாளினி கேட்டாள். காரணம் ஒரு விருந்து.

ஆனந்தராஜா மாநகர சபையில் வடிகால் பொறியியலாளர். மழை பெய்தால் சிட்னியின் மேற்குத் தெருக்களில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். தண்ணீரும் பெரும்பாலும் கேட்டு நடந்திருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றதற்கு எல்லாரும் ஒரு உணவகத்துக்குப் போனார்கள். மேலதிகாரி வைன் பட்டியலை ஆனந்தராஜாவின் கையில் கொடுத்து, "நீங்கள்தான் இங்கே மூத்தவர், நீங்களே தெரிவு செய்யுங்கள்" என்றார். அவர் பட்டியலைத் திறந்தார். எட்டுப் பக்கம். மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். பிறகு பணியாளரை நிமிர்ந்து பார்த்து, "சிவப்பு" என்றார்.

பணியாளர் பேனாவோடு காத்து நின்றார். மேசைக்குக் குறுக்கே கை நீட்டிப் பட்டியலை மெல்ல வாங்கிக்கொண்டவன் பிரதீப்குமார். கோயம்புத்தூர்க்காரன், முப்பத்தாறு வயது, சேர்ந்து மூன்று வருடம். பணியாளரோடு இரண்டு நிமிடம் ஏதோ பேசினான். 'மண்வாசனை' என்றான், 'நீண்ட முடிவு' என்றான். வந்த போத்தலை எல்லாரும் புகழ்ந்தார்கள். மேலதிகாரி அவன் முதுகில் தட்டினார். முப்பது வருடத்தில் தன் முதுகில் ஒருவரும் தட்டவில்லை என்பது அப்போதுதான் ஆனந்தராஜாவுக்கு உறைத்தது. அந்த முதுகோடு வீட்டுக்கு வந்தவர்தான் அடுத்த செவ்வாய்க்கிழமை ஏழு பத்துக்கு இணையத்தில் பெயரைப் பதிந்தார்.

முதற் பெட்டி வந்தது. ஆறு போத்தல், ஒவ்வொன்றுக்கும் தடித்த வழுவழுப்பான அட்டை ஒன்று. ஆனந்தராஜா முகம் கழுவி, சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, முதல் அட்டையை உரத்து வாசித்துத் தமிழும் சொன்னார்.

"கறுத்த செரிப்பழம். மழைக்குப் பிறகு மண். புகையிலை. கடைசியிலை, பழைய குதிரைச் சேணத்தின்ரை மெல்லிய ஞாபகம்."

குசினிக்குள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மிருணாளினி எட்டிப் பார்த்தாள். லிட்கமில் மருந்துக்கடை நடத்துபவள். ஒரு போத்தலில் என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தால் அதுதான் உள்ளே இருக்க வேண்டும் என்று நம்புகிறவள்.

"என்னப்பா, மண்ணும் புகையிலையும் குதிரைச் சேணமும் குடிக்கிறதுக்கோ பிளேன் ஏறி இஞ்சை வந்தனாங்கள்?"

"உமக்கு உது விளங்காது. இது நாக்குக்குப் படிப்பு."

"அப்ப திறவுங்கோவன், படிப்பம்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை மரக்கறி. சனிக்கிழமை அவருக்குச் சனி தோஷம் கழிக்கிற விரதம். ஞாயிறு மாலை சிவமணி வந்தான். சிவமணி பழைய வகுப்புத் தோழன், வீடு விற்கும் முகவர், விஸ்கிக்கு ஐஸ் போடுகிறவர்களைக்கூட மதிக்காதவன். அவனுக்கு முன்னால் ஒரு நல்ல போத்தலை உடைப்பது வீண். திங்கட்கிழமை வேலை. இப்படியே நாள் போக, ஆறு போத்தல்களும் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரிக்குள் போயின.

அந்த அலுமாரியைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் உள்ள எந்தப் பொருளும் பாவிப்பதற்கு மிஞ்சிய தரத்தை அடைந்தால் அதற்குள் போய்விடும். கல்யாணத்துக்குக் கிடைத்த கிறிஸ்டல் கிண்ணங்கள் இருபத்தொன்பது வருடமாக அதற்குள் ஒரு துளி பாயாசம் காணாமல் இருந்தன. மகளின் அரங்கேற்ற நினைவுச் சின்னம், யாரோ சுவிற்சர்லாந்திலிருந்து கொண்டுவந்த கண்ணாடி அன்னம், விமான நிலையத்தில் வாங்கிய முக்கோணச் சொக்கலேற், எல்லாம் நாலு சின்ன மின்விளக்குகளின் கீழே மினுங்கிக்கொண்டிருந்தன. போத்தல்கள் நிமிர்ந்து, பெயர் ஒட்டியிருந்த பக்கம் வெளியே தெரிய, அணிவகுப்பில் நிற்கும் பொலிஸ்காரர் மாதிரி நின்றன.

மிருணாளினி பெட்டியின் அடியில் கிடந்த துண்டுப் பிரசுரத்தை எடுத்து வாசித்தாள். "இருட்டான, குளிரான இடத்திலை படுக்க வைக்கட்டாம்."

"படுத்திருக்கிற போத்தலை ஆரப்பா பாக்கிறது?" என்றார் ஆனந்தராஜா.

மாதங்கள் போயின, மாதத்துக்கு ஆறு போத்தல் வந்தது. அலுமாரியின் முதல் தட்டு நிறைந்தது, பிறகு இரண்டாவது. அன்னமும் சொக்கலேற்றும் ஓரமாய் ஒதுங்கின. ஆறாம் மாதம் பக்கத்தில் இன்னொரு அலுமாரி வந்தது, அதற்கும் விளக்கு. போத்தல்களில் ஒன்றாவது திறக்கப்படவில்லை. ஆனால் ஆனந்தராஜா கற்காமல் விடவில்லை. அவர் அட்டைகளைப் பாடமாக்கினார்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவர் வாழ்க்கையில் எதையெல்லாம் வென்றாரோ அதெல்லாம் பாடமாக்கி வென்றது. இரசாயனத்தைப் பாடமாக்கினார், பல்கலைக்கழகம் கிடைத்தது. வீதி விதிகளைப் பாடமாக்கினார், லைசென்ஸ் கிடைத்தது. குடியுரிமைக் கேள்விகளை விடை இலக்கத்தோடு பாடமாக்கினார், நாடே கிடைத்தது. இப்போது காலை ரெயினில், ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் அட்டைகளைப் புரட்டினார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மிருணாளினி கேள்வி கேட்பாள்.

"நாலாம் மாதம், மூண்டாம் போத்தல்?"

"பரோசா. ஷிராஸ். பிளம்ஸ், மிளகு, கறுத்த சொக்கலேற். நடுவிலை வெல்வெட்."

"எட்டாம் மாதம், முதலாவது?"

"ரஸ்மேனியா. பினோ நுவார். ஸ்ட்ரோபெரி, காட்டுக் காளான்... காட்டுக் காளான்..."

"இலைச்சருகு."

"ஓம், இலைச்சருகு. ஈரமான இலைச்சருகு."

அறிவு இருந்தால் அது வெளியே வந்துதான் தீரும். பிறந்தநாள் விழாக்களில், வீடு குடிபூரல்களில், யாருடையதோ ஐம்பதாவது வயது விருந்தில், ஒரு கிளாஸ் கைக்கு வந்தால் ஆனந்தராஜா அதை விளக்குக்கு நேரே உயர்த்துவார். சுழற்றுவார். மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுவார். பிறகு போத்தலின் பெயரைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு நாலு வசனம் சொல்வார். சுற்றி நின்றவர்கள் தங்கள் கிளாஸைப் புதிய மரியாதையோடு பார்ப்பார்கள். அவர் தன்னுடையதை அப்படியே மேசையில் வைத்துவிடுவார்.

"குடிக்கேல்லையோ அங்கிள்?"

"நான் இண்டைக்கு டிரைவிங்."

பத்து மாதமாக எல்லா விருந்துக்கும் அவர்தான் காரோட்டினார். பத்து மாதத்தில் அவருடைய வாய்க்குள் ஒரு சொட்டு வைன் போகவில்லை. ஆனால் புறநகர்களுக்குள் அவருக்குப் பெயர் பரவிவிட்டது. கல்யாண மண்டபத்துக்கு என்ன வைன் எடுப்பது என்று மெல்பேர்னின் வெரிபீயிலிருந்து ஒருவர் அழைத்துக் கேட்டார். விஸ்கிக்காரன் சிவமணிகூட வீடு வாங்க வருகிறவர்களிடம், "என்ரை ஃபிரெண்ட் ஒருத்தன் இருக்கிறான், வைனிலை புலி" என்று சொல்லத் தொடங்கினான். சும்மா சொல்லக்கூடாது, ஆனந்தராஜா அந்த நாட்களில் இரண்டு அங்குலம் உயர்ந்துதான் நடந்தார். அலுவலகத்தில் பிரதீப்குமாரைக் கண்டால் பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

இதற்கிடையில் கிளப்பின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு போத்தலுக்கும் அபிப்பிராயம் எழுதும் இடம் ஒன்றிருந்தது. ஆனந்தராஜா ஒன்று தவறாமல் எழுதினார். எதை எழுதினார்? அட்டையில் இருந்ததைத்தான், வசனத்தை முன்பின்னாக மாற்றி.

பன்னிரண்டாம் மாதம் கடிதம் வந்தது. கிளப்பின் தலைமைத் தெரிவாளர் ஃபியோனா என்ற அம்மையார் கையொப்பமிட்டிருந்தார். 'எத்தனையோ ஆயிரம் அங்கத்தவர்களின் அபிப்பிராயங்களை வாசித்திருக்கிறேன். எங்கள் நிபுணர்களின் நாக்கும் ஒரு அங்கத்தவரின் நாக்கும் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போனதை என் இருபது வருடத் தொழிலில் கண்டதில்லை. செரிக்குச் செரி, சேணத்துக்குச் சேணம்! உங்களை இந்த ஆண்டின் சிறந்த சுவைஞராகத் தெரிவு செய்திருக்கிறோம். எமது அங்கத்தவர் மாலை விழாவுக்கு விருந்தினர்களோடு வாருங்கள். சபை முன்னால் பெயர் மறைத்த மூன்று வைன்களைச் சுவைத்து எது எதுவென்று சொல்லும் ஒரு சிறு விளையாட்டும் உண்டு. உங்களுக்கு அது ஒன்றுமேயில்லை.'

முதல் பாதியை வாசிக்கும்போது ஆனந்தராஜா எழுந்து நின்றார். கடைசி வரியில் உட்கார்ந்தார்.

ஆனால் அதற்குள் அவர் கடிதத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டாயிற்று. நூற்றிப் பதினான்கு பேரும் பார்த்தாயிற்று. இந்த முறை அனுதாபம் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த நாள் காலை மேலதிகாரியிடம் சொன்னார். அவர் தானும் வருவேன் என்றார். பிரதீப்குமாரை அவரே தேடிப்போய் அழைத்தார்.

"கண்டிப்பா வர்றேன் சார்," என்றான் அவன். "இதெல்லாம் நம்மாளுங்களுக்கு எவ்ளோ பெரிய விஷயம்!"

விழாவுக்கு முதல்நாள், புதன்கிழமை. மிருணாளினி சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இரண்டு தேத்தண்ணிக் கிளாஸ்களைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒண்டைத் திறந்து ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ. நாளைக்கு முழுப்பேருக்கும் முன்னாலை நிண்டு முழிக்கப் போறியள். வெள்ளைக்காரரும் வருகினம், உங்கடை ஒஃபிஸ் பொடியனும் வாறான்."

"உந்த வரிசை குழம்பிப் போகும்."

"வரிசையோ உங்களுக்குப் பெரிசு?"

அவர் அலுமாரிக்குக் கிட்டப் போனார். கதவைத் திறந்தார். முதல் மாதத்தின் முதல் போத்தலின் கழுத்தில் கையை வைத்தார். விளக்குச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. திறந்து குடித்து, அதற்குள் செரிப்பழம் இல்லாவிட்டால்? ஒன்று அட்டை பிழை, அல்லது தன் நாக்குப் பிழை. இரண்டில் எதைச் சனம் நம்பும் என்று அவருக்குத் தெரியும். இந்த ஒரு வருடம்தான் அவர் கதவுக்குள் நுழைந்தால் ஆட்கள் இடம்விட்டு வரவேற்ற வருடம். அதை ஒரு திருகுமூடியைத் திறந்து பரீட்சிக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

கையை எடுத்துக் கதவைச் சாத்தினார். "என்னை அட்டையிலை கேளும்," என்றார். மிருணாளினி பெருமூச்சோடு அட்டைக் கட்டை எடுத்தாள். எழுபத்திரண்டும் கேட்டாள். ஒன்றும் பிழைக்கவில்லை.

கிளப்பின் களஞ்சியம் லிட்கமில், தொழிற்சாலைத் தெருவொன்றில் இருந்தது. உயரக் கூரை, வட்ட மேசைகள், நூற்றைம்பது பேர். ஆனந்தராஜா கோட் போட்டிருந்தார். மிருணாளினி காஞ்சிபுரம் கட்டியிருந்தாள். சிவமணி அவர் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் தானே பெற்று வளர்த்தது போல அவரை அறிமுகம் செய்தான்.

"மச்சான், வாய்க்குள்ளை என்னடா முணுமுணுக்கிறாய்?"

"தேவாரம்."

"தேவாரத்திலை எங்கையடா ஷிராஸ் வருது?"

தனியே நின்று பாடம் சொல்லிப் பார்க்கக் கழிவறைப் பக்கம் போனார். போகிற வழியில், ஒரு திரைக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு அடுக்கிய அட்டைப்பெட்டிகளைக் கண்டார். மூன்று அடுக்கு. மூன்றிலும் 'இன்றைய சிறப்பு விற்பனை' என்று ஒட்டியிருந்தது. பக்கத்தில் வைனின் பெயர். ஒன்று வெள்ளை, இரண்டு சிவப்பு. ஈடன் பள்ளத்தாக்கு ரீஸ்லிங், ஐந்தாம் மாதம் இரண்டாம் போத்தல். ரஸ்மேனியப் பினோ, எட்டாம் மாதம் முதலாவது. பரோசா ஷிராஸ், நாலாம் மாதம் மூன்றாவது.

ஆனந்தராஜா அங்கேயே நின்றார். எண்பத்தாறாம் ஆண்டு மூளை விழித்துக்கொண்டது. வினாத்தாள் தயாரிப்பவரின் மனது என்ன? விற்க வேண்டியதை அல்லவா அவர் ஊற்றிக் காட்டுவார்? அப்போதெல்லாம் வரப்போகும் கேள்விகளை ஊகித்துக் கொடுத்து வகுப்பில் பாதிப் பேரைக் கரையேற்றியவர் இவர்தான். மேடைக்குத் திரும்பியபோது முணுமுணுப்பு நின்றிருந்தது.

ஃபியோனா அவரை அழைத்தார். கைதட்டல். கடதாசிப் பையால் மூடிய மூன்று போத்தல்கள், மூன்று கிளாஸ்கள். ஊற்றினார்கள். வெள்ளையைப் பற்றிப் பிரச்சினை இல்லை; அது வெள்ளை. இரண்டு சிவப்பில் எது எது?

இங்கேதான் வாசகர்கள் ஆனந்தராஜாவுக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். முப்பது வருடமாக வடிகால் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்த கை அது. கலங்கல் எவ்வளவு, மண் எவ்வளவு, மேலே எந்தத் தெருவில் யார் எதைக் கழுவி ஊற்றினார்கள் என்று நிறத்தை வைத்தே சொன்ன கண் அது. அவர் முதலாவது சிவப்பைத் தூக்கினார். விரல்கள் மறுபக்கம் தெரிந்தன. இரண்டாவதைத் தூக்கினார். ஒன்றும் தெரியவில்லை. பினோ மெல்லிய சிவப்பு, ஷிராஸ் மை போன்ற கறுப்பு என்று அட்டைகள் சொல்லியிருந்தன. அவ்வளவுதான்.

மணந்தார். கண்ணை மூடினார்.

"ரஸ்மேனியா," என்றார். "பினோ நுவார். ஸ்ட்ரோபெரி. காட்டுக் காளான். ஈரமான இலைச்சருகு."

கீழே மிருணாளினியின் உதடுகளும் கூடவே அசைந்தன.

பையை எடுத்தார்கள். சரி. சபை ஆரவாரித்தது. வெள்ளையைச் சொன்னார், சரி. ஷிராஸைச் சொன்னார், மிளகோடும் வெல்வெட்டோடும். சரி. மேலதிகாரி எழுந்து நின்று தட்டினார். சிவமணி பக்கத்து மேசைக்காரரிடம், "மை ஃபிரெண்ட்! சேம் கிளாஸ்!" என்று கத்தினான்.

ஃபியோனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கவனித்தீர்களா?" என்று சபையைக் கேட்டார். "அவர் ஒரு மிடறுகூட அருந்தவில்லை! வெறும் மூக்கு!" நூற்றைம்பது பேரும் அவருடைய மூக்கைப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்து மூக்கு ஒன்றுக்கு அந்த நாட்டில் அதற்கு முன் அப்படியொரு மரியாதை கிடைத்திருக்காது.

மேடையிலிருந்து இறங்கியதும் மேலதிகாரி ஓடிவந்து முதுகில் தட்டினார். ஒரு முறையல்ல, மூன்று முறை. பின்னால் பிரதீப்குமார் நின்றான்.

"சார், கலக்கிட்டீங்க. சத்தியமா எனக்கெல்லாம் ஒரு மண்ணும் தெரியாது சார்."

"ஏன் தம்பி, அண்டைக்கு விருந்திலை நீர் சொன்னீரே, மண்வாசனை, நீண்ட முடிவு எண்டு?"

"அதா? வெயிட்டர் காதுல சொன்னார் சார். நான் கொஞ்சம் சத்தமா திருப்பிச் சொன்னேன். ஆமா, அவ்ளோதான்." அவன் சிரித்தான். "உங்கள மாதிரி உண்மையிலேயே தெரிஞ்சவங்கள இன்னைக்குத்தான் பாக்கறேன்."

ஆனந்தராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வேண்டாம் என்று பெருந்தன்மையாக அவன் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலில் ஒரு வருடத்துப் பகை தீர்ந்தது. அவருடைய மனம் நிறைந்திருந்தது. கோட்டின் நடுப் பொத்தான் அதைத் தாங்க முடியாமல் இழுபட்டது.

அப்போது ஃபியோனா மீண்டும் ஒலிவாங்கியைப் பிடித்தார். இந்த ஆண்டின் சிறந்த சுவைஞருக்குப் பரிசு: ஆயுட்கால அங்கத்துவம். மாதத்துக்கு ஆறு அல்ல, பன்னிரண்டு போத்தல், வாழ்நாள் முழுவதும். அதைக் கொண்டாட கிளப்பின் மிகச் சிறந்த ஷிராஸிலிருந்து ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி அவருடைய கையில் கொடுத்தார். "இதையாவது குடிக்க வேண்டும்! எல்லாரும் எழுந்து நில்லுங்கள்!"

"நான் டிரைவிங்," என்றார் ஆனந்தராஜா.

"காரை நான் ஓடுறன்," என்றாள் மிருணாளினி.

நூற்றைம்பது பேர் எழுந்து நின்று கிளாஸை உயர்த்தினார்கள். சிவமணி உயர்த்தினான், மேலதிகாரி உயர்த்தினார், பிரதீப்குமார் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடித்தான். ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில் இதைவிடப் பெரிய கணம் அவருக்கு வாய்த்ததில்லை. ஆனந்தராஜா நெஞ்சை நிமிர்த்தி, தலையைச் சரித்து, ஒரு பெரிய மிடறு விழுங்கினார்.

அவருக்கு வைன் பிடிக்கவில்லை.